‘இன்னிக்கு வேணாம்’ என்றவர்களுக்கு

நாகப்பட்டினம்,
ஆகஸ்ட் 2025

எல்லாருக்கும் வணக்கம்.

போன வருஷம் ஆகஸ்ட் 16ஆம் தேதி ‘சிவகங்கை’ கப்பல் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கிளம்பியபோது, டெர்மினல் வாசலில் வியர்க்க வியர்க்கப் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். அதோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. மாலை, சால்வை எல்லாம் போகவேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த மடல் மேடைக்கு வராதவர்களுக்கு. அதிலும் முக்கியமாக, இந்த ஒரு வருஷத்தில் எங்களை ஏதாவது ஒரு நாள் தடுத்து நிறுத்தி, ‘இன்னிக்கு வேணாம்’ என்று சொன்னவர்களுக்கு. அந்த நேரத்தில் உங்களில் ஒருவருக்குக்கூட நான் நன்றி சொல்லவில்லை. சிலரிடம் சண்டைகூடப் போட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் டாலி கிளார்க். எங்கள் ஆபீஸில் மொத்தம் ஐந்து பேர். கீழவாஞ்சூரில் இருக்கிற காரைக்கால் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலில் எவ்வளவு இறங்கியது, எத்தனை லாரி போனது, எத்தனை வேகன் நிரம்பியது என்று கணக்கு எழுதுவது என் வேலை. பயணிகள் கப்பல் ஓடுகிற நாளில் நாகைத் துறைமுகத்தில் நின்று பெட்டிக்கும் படிவத்துக்கும் உதவுவேன். காலையில் நாகை, மத்தியானம் வாஞ்சூர். (இந்தப் பக்கத்தில் ஒருத்தன் தினமும் வாஞ்சூருக்குப் போகிறேன் என்றால் கேட்பவர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். வாஞ்சூர் பாண்டிச்சேரி மாநிலத்தில் இருக்கிறது, எல்லையைத் தாண்டினால் அந்த ஊர்ச் சாராயச் சரக்கு கிடைக்கும். என் மாமியார் ஆறு மாதம் அப்படித்தான் நினைத்திருந்தார். நான் பார்ப்பது வேறு சரக்கு என்று புரியவைத்த என் மனைவிக்கு முதல் நன்றி.)

அடுத்த நன்றி அக்கரைப்பேட்டைப் பெரியவருக்கு. கடுவையாற்று முகத்துவாரத்தில்தான் எங்கள் பயணிகள் கப்பலும் போகவேண்டும், மீன்பிடி விசைப்படகும் வரவேண்டும். ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை, வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, வாடை விழுந்துருச்சு. நீவாடும் சரியில்ல. இன்னிக்கு வேணாம்னு சொல்லு” என்றார். (வாடை என்றால் வடக்கேயிருந்து வரும் காற்று, நீவாடு என்றால் கடல் நீரோட்டம்.) யாரிடம் சொல்வது? நான் வெறும் கிளார்க். “சரிங்க ஐயா” என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். முக்கால் மணி நேரத்தில், கடல் நிலை சரியில்லை, இன்று கப்பல் இல்லை என்று அறிவிப்பு வந்தது. இதை வைத்து அவரை ஞானி ஆக்கிவிடாதீர்கள். மாசியில் இதேபோல் இரண்டு தடவை சொன்னார், இரண்டு தடவையும் கடல் குளம் மாதிரி கிடந்தது. மூன்றாவது தடவை நான் சிரித்துவிட்டேன். “வேணாம்னு சொல்லித் தப்பாப் போனா எனக்கென்ன நட்டம்? போன்னு சொல்லித் தப்பாப் போனாத்தான் கஷ்டம்” என்றார். 2004 டிசம்பர் 26ஐ இதே கரையில் பார்த்தவர். அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை.

அன்றைக்கு அறிவிப்பு வந்தபின் டெர்மினல் வாசலில் முப்பது நாற்பது பேர் பெட்டியும் கையுமாக நின்றார்கள். பாதிப் பேர் வேளாங்கண்ணிக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிற யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒரு அம்மா என் சட்டையைப் பிடிக்காத குறை. “கடல் பேசாமத்தானே கிடக்கு, பிறகேன் போகேலாது எண்டுறியள்?” அவர் கேட்டதும் நியாயம்தான். ஆற்றுக்குள் நின்று பார்த்தால் தண்ணீர் அசையவே இல்லை. முகத்துவாரத்தைத் தாண்டி காங்கேசன்துறை வரைக்கும் கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். வாடைக்காற்று வீசும்போது வெளிக்கடலில் அலை எழும்பி அடிக்கும். நூற்றைம்பது பேர் அளவுக்கான சின்னக் கப்பல் அதில் படுகிற பாட்டை அந்த அம்மாவுக்கு எப்படி விளக்குவது? எனக்குத் தெரியவில்லை. பக்கத்து டீக்கடை அக்காதான் விளக்கினார். “கப்பல் போவும்மா, ஆனா நீங்க சாப்பிட்டது உள்ள நிக்காது” என்று சொல்லி, எல்லார் கையிலும் ஒரு டீயைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. தங்க இடமில்லாத இரண்டு குடும்பத்தைத் தன் வீட்டுத் திண்ணைக்கும் கூடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார். மறு கப்பலில் அந்த அம்மா போகும்போது என்னிடம் பனங்கட்டிக் குட்டான் ஒன்றை, அதாவது சின்ன ஓலைப்பெட்டியில் வைத்த பனைவெல்லத்தை, கொடுத்து, “இது அந்தப் பிள்ளையிட்ட குடுங்கோ” என்றார். கொடுத்துவிட்டேன் அக்கா, முழுசாகக் கொடுத்தேன். இரண்டு துண்டு மட்டும் வழியில் குறைந்தது.

நாகைக்குக் கப்பல் புதிதல்ல. மேடையில் பேசுகிறவர்கள் ராஜேந்திர சோழனிலிருந்துதான் தொடங்குவார்கள். எங்கள் வீட்டில் கதை தாத்தாவிலிருந்து தொடங்கும். அவர் பினாங்குக்குப் போனது ‘ரஜூலா’வில். பெரிய கப்பல் வெளிக்கடலில் நிற்கும், கரையிலிருந்து தோணியில் போய் ஏறவேண்டும். அதற்குப் பின் ‘எம்.வி. சிதம்பரம்’ வந்தது. 1985இல் அது தீப்பிடித்ததோடு அந்தத் தடமும் போனது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி ‘செரியாபாணி’ இலங்கைக்குக் கிளம்பியபோது ஊரே கடற்கரையில் நின்றது. ஒரே வாரத்தில் பருவமழை வந்து அதுவும் நின்றது. அதனால் போன நவம்பரில் ‘சிவகங்கை’யும் நின்றபோது, “அவ்வளவுதான், இதுவும் போச்சு” என்று ஊரில் பேசாதவர் இல்லை. பிப்ரவரி 22ஆம் தேதி மறுபடி ஓடியது. அந்த மூன்று மாதமும் “எப்ப ஓடும்?” என்று போன் செய்துகொண்டே இருந்தவர்களுக்கும் நன்றி. உங்கள் தொல்லையில்தான் நம்பிக்கை விடாமல் இருந்தது.

அந்த நவம்பர் கடைசியில்தான் ஃபெஞ்சல் புயல். 30ஆம் தேதி புதுச்சேரிப் பக்கம் கரை ஏறும் வரைக்கும் எங்களையும் ஆட்டிவைத்தது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறவருக்கு யாராவது நன்றி சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? பகலில் கூம்பும் உருளையும், ராத்திரியில் சிவப்பு வெள்ளை விளக்கு. கொட்டுகிற மழையில் கம்பத்தடியில் நின்று கயிறு இழுக்கிறவர் அவர். நாமெல்லாம் டிவியில் ‘மூன்றாம் எண் கூண்டு’ என்று கேட்டு, இன்னொரு தடவை டீ குடித்துவிட்டுப் படுப்போம். புயல் நேரத்தில் துறைமுகத்துக்குள்தான் கப்பலுக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய கப்பலுக்கு நேர் எதிர். பெர்த்தில், அதாவது கப்பல் அணைந்து நிற்கும் துறைமேடையில், கட்டிக் கிடந்தால் காற்றில் அடிபட்டுக் கப்பலும் கெடும், துறையும் கெடும். முன்கூட்டியே வெளிக்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது கயிறு அவிழ்க்கிற பையன்கள், டக் போட் என்கிற இழுவைப் படகில் இருக்கிறவர்கள், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட், எல்லாரும் நனைந்துகொண்டேதான் வேலை பார்ப்பார்கள். அதில் ஒரு பையன் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தான். தம்பி, உன் மெடிக்கல் பில்லை இன்னும் நீ கொண்டுவந்து கொடுக்கவில்லை.

இனி, கப்பல் சரக்கின் எடையைக் கணக்கிடுகிற சர்வேயர் சாருக்கு. இவரிடம்தான் நான் அதிகம் கோபப்பட்டேன்.

அறுபதாயிரம் டன் கப்பலைத் தூக்கி நிறுத்த எந்த எடைமேடையும் கிடையாது. அது தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எடை. முன்பக்கம், நடு, பின்பக்கம், இடமும் வலமுமாக ஆறு இடத்தில் எண் எழுதியிருக்கும். சின்னப் படகில் சுற்றி வந்து படிக்கவேண்டும். அலை ஏறி இறங்கும், மேலே தொட்டதும் கீழே தொட்டதும் பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும். அதோடு தண்ணீரின் கனமும் தெரியவேண்டும். நல்ல கடல் தண்ணீர் கன மீட்டருக்கு 1,025 கிலோ. பலர் அதையே எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மார்கழிக்குப் பத்து நாள் முன்னால், ஊரெல்லாம் மழை. வெட்டாறு செம்மண் நிறத்தில் நாகூர்ப் பக்கம் கடலில் கலந்துகொண்டிருக்கிறது. நிலக்கரிக் கப்பல் ஒன்று பெர்த்தில் நிற்கிறது. வேகன் வந்து சைடிங்கில், துறைமுகத்துக் கிளை ரயில்பாதையில், காத்திருக்கிறது. கப்பலின் சீஃப் ஆபீசர், “1,025 போடு, முடி” என்கிறார். நானும் உள்ளுக்குள் அதைத்தான் சொல்கிறேன். சார் மட்டும் கயிற்றில் பக்கெட்டைக் கட்டி இறக்குகிறார். மேலே இழுத்து, கண்ணாடிக் குழல் மாதிரி இருக்கிற ஹைட்ரோமீட்டரை அதில் மிதக்கவிட்டு, குனிந்து பார்க்கிறார். தலையாட்டுகிறார். “இன்னொரு தடவை.” கப்பலின் மறுபக்கம் போய் இன்னொன்று. மூன்றாவது தடவை கயிறு அறுந்து பக்கெட் கடலோடு போனது. சரி, விட்டது என்று நினைத்தேன். கப்பல் சமையல்கட்டில் போய் வெங்காயம் வைத்திருந்த வாளியைக் கேட்டு வாங்கிவந்தார் மனிதர்.

குழல் 1,020 காட்டியது. ஐந்து கிலோதானே என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அறுபதாயிரம் டன்னில் கிட்டத்தட்ட 290 டன். கப்பலில் இல்லாத 290 டன் நிலக்கரி காகிதத்தில் இருந்திருக்கும். கடைசியில் லாரிக் கணக்கும் வேகன் கணக்கும் இடிக்கும்போது யாரைக் கேட்பார்கள்? டாலி எழுதினவனைத்தான். சார், அந்த வெங்காய வாளி என் வேலையைக் காப்பாற்றியது.

யூரியா மேஸ்திரி அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. 2024இல் மேட்டூர் திறக்க ஜூலை 28 ஆனது. இந்த வருஷம் சொன்னபடி ஜூன் 12. தண்ணீர் வந்தால் பின்னாலேயே உரம் வேண்டும் என்பது தஞ்சை, திருவாரூர், நாகைக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு மத்தியானம் யூரியா இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கே ஒரு கருக்கல். அண்ணன் கையைத் தூக்கி, “ஹேட்ச்சை மூடு” என்றார், கப்பலின் சரக்கு அறை மூடியைத்தான். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கேப்டன் கத்துகிறார், நானும் அவர் பக்கம் நின்று, “அண்ணே, மழை திருவாரூரோட போயிரும்” என்றேன். அவர் அசையவில்லை. இரண்டு மணி நேரம் மூடிக் கிடந்தது. ஒரு சொட்டு விழவில்லை!

அண்ணே, அன்றைக்கு நான் பேசினது தப்பு. மழை வராதது உங்கள் தப்பில்லை. ஈரம் பட்ட யூரியா எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். எங்கள் அப்பாவுக்குத் தலைஞாயிறு பக்கம் மூன்று மா நிலம். 45 கிலோ மூட்டையைப் பிரித்தால் உள்ளே கருங்கல் மாதிரி ஒரே கட்டியாக இருக்கும். உலக்கையால் தட்டி உடைத்துத் தூவுவார். ஒரு பக்கம் பயிர் கருகும், ஒரு பக்கம் வெளுத்துக் கிடக்கும். அந்த மூட்டை எந்தக் கப்பலில், எந்த வெயிலில் இறங்கியதோ, அங்கே உங்களைப் போல ஒருத்தர் இல்லை.

நாகூரில் எங்கள் லாரியை நடுரோட்டில் மறித்த லாத்தாவுக்கு: நீங்கள் சொன்னது சரி. தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து பறந்துகொண்டுதான் இருந்தது. டிரைவர் அவசரம், நான் பின்னால் வண்டியில் வந்தும் கவனிக்கவில்லை. “எங்க வூட்டுக் கொடியில காயிறது வெள்ளத் துணி தம்பி, கட்டிட்டுப் போ” என்று நீங்கள் நின்ற நிலையில், பின்னால் பதினைந்து வண்டி ஹாரன் அடித்தது. இப்போது கேட்டை விட்டு வண்டி வெளியே வருமுன் நானே நாலு மூலையும் இழுத்துப் பார்க்கிறேன்.

சைடிங்கில் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்து வேகன் எண் வாசித்துச் சொன்ன ரயில்வே அண்ணன்களுக்கு, ஒரு ரேக்குக்கு, அதாவது ஒரு சரக்கு ரயிலின் வேகன் வரிசைக்கு, ஐம்பத்தெட்டு எண் என்று எத்தனை ரேக்! இமிக்ரேஷன் கவுண்டரில் கண்ணாடி மறந்து வந்த பாட்டிகளுக்குப் பொறுமையாகப் பேசியவர்களுக்கு, பெர்த்தைக் கூட்டிப் பெருக்குகிற பெண்களுக்கு, எடைமேடைத் தம்பிக்கு, எல்லாருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் வாஞ்சூர் கேட்டில் பார்த்துத் திட்டுங்கள்.

29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம். அதற்குள் யாழ்ப்பாணத்துக் கூட்டம் வரத் தொடங்கிவிடும், எனக்கு நாகையிலேயே வேலை சரியாக இருக்கும். சர்வேயர் சார், உங்களுக்குப் புதுப் பக்கெட்டும் இருபது மீட்டர் நைலான் கயிறும் வாங்கி ஆபீஸில் வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காய வாளியைத் திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டோம், அதுவும் இங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் டாலி கிளார்க்