பழைய ஸ்டோரைப் புதுப்பித்துத் திறக்கிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் பூட்டிக் கிடந்த தேயிலை ஸ்டோர்களையும் (தொழிற்சாலைகளையும்) பங்களாக்களையும் திருத்தி அருங்காட்சியகமாகவும் கலைக்கூடமாகவும் ஆக்குகிற அதிகாரிகளுக்கும் கம்பனிக்காரர்களுக்கும்,

வணக்கம். முதலில் நன்றி. 1925இல் கட்டிய ஹந்தானை ஸ்டோர் பல வருடம் கைவிடப்பட்டுக் கிடந்தது. அதைத் தேயிலை அருங்காட்சியகமாக்கியதால்தான் இன்றும் நிற்கிறது. கந்தப்பளையில் இன்னொரு ஸ்டோர் ஹோட்டலானது. கழற்றிப் பழைய இரும்புக்கு விற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. அண்மையில் புதுப்பித்துத் திறந்த ஓர் இடத்துக்குப் போயிருந்தேன். எது என்று சொல்லப்போவதில்லை. பெல்ஃபாஸ்டில் செய்த, தேயிலை உலர்த்துகிற சிரோக்கோ அடுப்பைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். கொழுந்தை உருட்டுகிற ரோலர் எந்த ஊரில் செய்தது, எப்போது வந்தது, எல்லாம் பலகையில் இருக்கிறது. மேல் மாடியில் வாட்டுத் தட்டுகள், காற்றுக்காகச் சுவர் நீளத்துக்கும் ஜன்னல். சரி, அந்தத் தட்டில் கொழுந்தைப் பரப்பியது யார்? இராவெல்லாம் அடுப்புக்கு விறகு தள்ளியது யார்? துரைமாரின் படங்கள் பெயரோடு வரிசையாகத் தொங்குகின்றன. தொழிலாளர்களான எங்கள் பக்கத்துக்கு, கூடையோடு சிரிக்கிற ஒரு பெண். அவளுக்குப் பெயரில்லை.

பெயருக்கா பஞ்சம்? யார் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வந்தது, யாருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்று செக்றோல் என்கிற பதிவேட்டில் நாள்தவறாமல் எழுதி வைத்தது தோட்ட நிர்வாகம்தானே. கறையான் முடிக்கும் முன் அதில் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் விரித்து வையுங்கள். பக்கத்திலேயே தகரத் துண்டு ஒன்றும் இருக்கட்டும். இந்தியாவிலிருந்து ஆள் திரட்டிக் கூட்டி வந்த காலத்தில், எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று எழுத்தும் இலக்கமும் துளைத்துக் கையில் கொடுத்தனுப்பிய தகடு அது. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் மலையேறினார்கள். இவையெல்லாம் தேடினால்தான் கிடைக்கும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குத் தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களின் பெட்டிகளோடு நிறையப் போய்விட்டது. மிச்சம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களில் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு முன் ஒரு தடவை வந்து கேளுங்கள்.

எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். 2007இல் ஒரு லயத்தையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். உங்களுடையதைப் போலப் பெரிய கட்டடமில்லை, ஆனால் விஷயம் இருக்கிறது.

அப்புறம், வாசலில் 'கலை' என்று எழுதுகிறவர்களுக்கு: ஓவியம் மட்டும்தான் கலையா? மாசியில் காமன் கூத்து ஆடுகிற பொட்டலில் தப்பு அடிக்க ஆரம்பித்தால் மலையே விழித்திருக்கும். ராத்திரி ரதியாக வேடம் கட்டுகிறவர் பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்தவர். அவர் வீட்டில் இருக்கும் கிரீடமும் சலங்கையும் தலைமுறை கண்டவை. அவற்றை உரிய விலை கொடுத்து வாங்குங்கள், அல்லது இரவலாகக் கேளுங்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பத்து நிமிஷம் ஆடிக் காட்டச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை பூட்டி வைக்காதீர்கள். கொழுந்தெடுக்கிற அம்மாவுக்கு அன்றைக்குத்தான் ஓய்வு. தோட்டத்து ஆட்களிடம் டிக்கட் காசு வாங்காதீர்கள். பலகைகளில் தமிழ் எழுதும்போது பக்கத்துத் தோட்டப் பாடசாலை வாத்தியார் ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சடியுங்கள். ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தால் போதும், பிழை திருத்தித் தருவார்.

இப்படிக்கு,
ரோலர் அறையில் வேலை பார்த்தவரின் மகன்,
ஹட்டன்