மருந்து பாட்டிலைத் திறக்காதே, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. உன் வீட்டுக் கொய்யா, எலுமிச்சையில் வந்திருக்கிற பூச்சிகளைப் பற்றி நேற்று போனில் நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லத்தான் பார்த்தேன். நீயோ "சரிப்பா, சரிப்பா" என்றபடி குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் இரண்டு தடவையாவது படிப்பாய்.

முதலில், மாப்பிள்ளை வாங்கி வைத்திருக்கிற பூச்சி மருந்து பாட்டிலை இன்னும் திறக்கவில்லை என்றால் திறக்க வேண்டாம் என்று சொல். அவர் மேல் குறை இல்லை. கொய்யா மரம் முழுக்கப் பூச்சி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தால் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். லேபிளில் ஒரு நிற முக்கோணம் இருக்கும், பார். சிவப்பு என்றால் கொடிய விஷம். அதற்கு அடுத்தபடி மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் விஷம் விஷம்தான். நீ அனுப்பிய படத்தில் தெரிவது மஞ்சள். உன் பையன் குட்டி, மரத்தடியிலேயே பறித்து, சட்டையில் துடைத்துவிட்டுக் கடிக்கிற கொய்யா அது.

சரி, உன் படங்களுக்கு வருகிறேன். மூன்று படம் அனுப்பியிருந்தாய். முதல் படத்தில் இலைக்கு அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாகக் கோலம் போட்டது மாதிரி இருக்கிறது. அது வெள்ளை ஈ. கிளையை ஒரு உலுக்கு உலுக்கினால் பவுடர் கொட்டியதுபோல் பறக்கும். இரண்டாவது படத்தில் காம்பைச் சுற்றிப் பஞ்சு அடைத்த மாதிரி இருப்பது மாவுப்பூச்சி. அது பறக்காது. நசுக்கினால் பிசுபிசுவென்று வரும். இரண்டும் சாறு உறிஞ்சுகிற ஜாதிதான், ஆனால் ஒன்றல்ல. இலை மேலே கரி பூசினதுபோல் இருக்கிறதே, அது தனி நோய் இல்லை. இவை கழிக்கிற இனிப்பு நீர் கீழ் இலையில் சொட்டுகிறது, அதில் கரும்பூசணம் வளர்கிறது. பூச்சி குறைந்தால் அதுவும் நிற்கும்.

மூன்றாவது படத்தைத்தான் நான் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2009-ல் நம் வீட்டுக் கொல்லையில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ ஹாஸ்டலில் இருந்தாய். பப்பாளி, செம்பருத்தி, வேலியோரத்து மல்பெரி என்று எல்லாம் மாவு கொட்டியது மாதிரி ஆகிவிட்டது. மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி அது. இந்தியாவில் முதன்முதலாக 2008-ல் உன் கோயம்புத்தூரில்தான் கண்டார்கள். நான் டவுனுக்குப் போய் ஒரு கடையில் மருந்து கேட்டேன். என்ன பூச்சி என்று கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எத்தனை மரம் என்று மட்டும் கேட்டார். பத்து நாளைக்கு ஒரு முறை என்று மூன்று தடவை அடித்தேன். மூக்கில் துண்டுகூடக் கட்டவில்லை. மூன்றாம் தடவை தலை சுற்றித் திண்ணையில் படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன். உன் அம்மா அன்று திட்டியதை இங்கே எழுத முடியாது.

பூச்சி செத்ததா என்றால், ஒரு வாரம் காணோம். அப்புறம் முன்னைவிட அதிகமாக வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. மாவுப்பூச்சியின் உடம்பு மேல் மெழுகு இருக்கிறது. தெளிக்கிற மருந்து தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடிவிடும். அதைத் தின்ன வருகிற பொறிவண்டுக்கு அந்த மெழுகு சட்டை இல்லை. ஆக நான் கொன்றதெல்லாம் என் பக்கத்து ஆட்களை.

அதை முடித்துவைத்தது மருந்து இல்லை, ஒரு குளவி. கடுகைவிடச் சின்னது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து, பெங்களூரிலும் உங்கள் ஊர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் பெருக்கி, தமிழ்நாடு முழுக்க விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிட்டு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். எங்கள் பப்பாளி இலையில் பழுப்பாக, காய்ந்த எள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த கூடுகளை முதலில் பார்த்தபோது இன்னொரு நோய் வந்துவிட்டது என்று நினைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு துளை! அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது. காலையில் ஹோஸ் பைப்பை எடுத்து, முனையை விரலால் அமுக்கிப் பிடித்து, இலைக்கு அடிப்பக்கமாக வேகமாகத் தண்ணீர் அடி. மேலே அடித்துப் பிரயோஜனமில்லை. நாள் விட்டு நாள் ஒரு வாரம் செய்தாலே பாதி போய்விடும். ரொம்ப மோசமான கிளை நுனிகளை வெட்டி, கவரில் கட்டி அப்புறப்படுத்து. மிச்சத்துக்கு வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கும். முதலில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் எண்ணெயை விட்டு, பால் மாதிரி ஆகும்வரை அடித்துக் கலக்கி, அப்புறம் தண்ணீர் சேர். துணிக்குப் போடுகிற சோப்புத்தூள் வேண்டாம், இலை கருகும். வெயில் தாழ்ந்த பிறகு தெளி. உச்சி வெயிலில் எண்ணெய் பட்டாலும் இலை கருகும், வேம்பின் சத்தும் வெயிலில் சீக்கிரம் போய்விடும்.

அந்தக் கரிக்கு மைதாக் கஞ்சி. லிட்டருக்கு 25 கிராம் மைதா, கட்டியில்லாமல் காய்ச்சி, ஆற வைத்து, வடிகட்டித் தெளி. காய்ந்ததும் கரியோடு சேர்ந்து பொருக்காக உதிரும். தென்னையில் வந்த வெள்ளை ஈக்கு, அதான் 2016-ல் பொள்ளாச்சியில் முதலில் பார்த்தார்களே, அதன் கரும்பூசணத்துக்கும் இதைத்தான் சொன்னார்கள். நான் செய்தபோது "மரத்துக்குக் கஞ்சி போட்டாச்சு, இஸ்திரி எப்போ?" என்று கேட்டாள் உன் அம்மா.

எறும்பைக் கவனித்தாயா? இரண்டாவது படத்தில் காம்பு ஓரமாக நாலைந்து தெரிகிறது. மாவுப்பூச்சிக்குக் காவல்காரன் எறும்புதான். அந்த இனிப்பு நீருக்காகப் பொறிவண்டைக் கிட்டவே விடாது, கடித்து விரட்டும். எறும்பு ஏறுவதை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பாலிதீன் தாளைச் சுற்றிக் கட்டி, தாள் மேல் கிரீஸ் தடவு. பட்டை மேல் நேராகத் தடவாதே. நான் இதைச் செய்துவிட்டு, பிறகும் எப்படி ஏறுகிறது என்று தெரியாமல் நாலு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரே ஒரு கிளை காம்பவுண்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுவர் வழியாக ஏறி அந்தப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்! உன் மரமும் சுவரோரம்தான், பார்த்து வெட்டிவிடு.

மாமரத்தைப் பற்றி நீ கேட்கவே இல்லை. காய் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாய். சந்தோஷம்தான், ஆனால் இன்னும் ஒரு மாதத்தில் பழ ஈ வரும். காய் முற்றுகிற சமயம் தோலில் ஊசி குத்தினது மாதிரி ஒரு புள்ளி, அதில் கண்ணீர்த்துளி போல் பிசின் நிற்கும். உள்ளே முட்டை வைத்தாயிற்று என்று அர்த்தம். இந்தச் சின்ன ஈக்காகத்தான் 2014-ல் ஐரோப்பாக்காரன் நம் நாட்டு மாம்பழமே வேண்டாம் என்று தடை போட்டான். அடுத்த வருடம்தான் எடுத்தான்.

இதற்கும் தெளிப்பு உதவாது, புழு பழத்துக்குள் பத்திரமாக இருக்கும். ஆனால் அது மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகித்தான் ஈயாக வர முடியும். அங்கேதான் பிடிக்க வேண்டும். விழுந்த பழத்தை ஒரு நாள்கூடக் கீழே விடாதே. மரத்தடியிலும் உரக்குழியிலும் போடுவது பூச்சிக்கு நாமே தொட்டில் கட்டுவது. ஒரு கருப்புப் பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, மொட்டைமாடி வெயிலில் ஒரு வாரம் வை. உள்ளேயே வெந்துவிடும். குட்டிக்குப் பள்ளிக்கூடம் லீவுதானே, பழம் பொறுக்குகிற வேலையை அவனிடம் கொடு. பழத்துக்கு ஐம்பது பைசா என்று பேசு, ஒன்றும் மிச்சம் வைக்க மாட்டான்.

கூடவே ஒரு பொறி மாட்டு. மீத்தைல் யூஜினால் ஊறின மரக்கட்டையோடு டப்பாவாகவே விற்கிறார்கள். துளசியில் இருக்கிற வாசனைப் பொருள்தான் அது. ஆண் ஈ மட்டும் வந்து விழும். ஆண் இல்லாவிட்டால் பெட்டை வைக்கிற முட்டை பொரியாது, கணக்கு அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டு மரத்திலிருந்து ஏற்கனவே இணை சேர்ந்த பெட்டை வருவதை உன் பொறி தடுக்காது. பக்கத்து வீட்டம்மாவிடமும் ஒன்று மாட்டச் சொல். இல்லை, நீயே ஒன்று வாங்கிக் கொடு. அந்த அம்மாதானே போன வருடம் ஊறுகாய் கொடுத்தது.

பூவில் வருகிற தத்துப்பூச்சி, சாம்பல் நோய் எல்லாம் இந்த வருடம் தாண்டிவிட்டது. மார்கழியில் பூ எடுக்கும்போது கேள், சொல்கிறேன்.

எலுமிச்சைக்கு வருகிறேன். குருவி எச்சம் போட்ட மாதிரி இலையில் கிடக்கிறது என்றாயே, அது எச்சம் இல்லை, வண்ணத்துப்பூச்சிப் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும். குட்டியைக் கூப்பிட்டு ஒரு ஈர்க்குச்சியால் மெதுவாகத் தொடச் சொல். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டி நாற்றம் விடும். மரம் பெரியதுதானே, நாலைந்து புழு தின்றால் ஒன்றும் குடி முழுகாது. சின்னக் கன்றாக இருந்தால் மட்டும் கையால் பொறுக்கிவிடு. பக்கத்துக் கறிவேப்பிலையிலும் பார், அதற்கும் அங்கே பந்தி உண்டு.

எலுமிச்சையில் நான் பயப்படுவது சொறிநோய்க்குத்தான். காயிலும் இலையிலும் கார்க் மாதிரி சொரசொரப்பாக, சுற்றி மஞ்சள் வளையத்தோடு வருவது. அது பாக்டீரியா. மழைச் சாரலில் பரவும். இலைக்குள் வெள்ளிக் கோடு கிழித்துக்கொண்டு போகும் ஒரு புழு, அந்தக் காயத்தின் வழியாக இது உள்ளே நுழையும். இப்போது காய்ந்த நாளில் சொறி பிடித்த குச்சிகளை வெட்டி எரித்துவிடு. மழைக்கு முன்னால் போர்டோ கலவை ஒரு தடவை தெளிக்கலாம். 50 கிராம் மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, ஒரு பிளாஸ்டிக் வாளியில் இரண்டரை லிட்டர் தண்ணீரில் கரை. 50 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொன்றில் அதே அளவில் கரை. துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கிளறு, மாற்றி ஊற்றாதே. வான நீலமாக வரும். பிறகு பழைய இரும்பு அரிவாளைத் துடைத்து ஒரு நிமிடம் அதில் முக்கி எடு. இரும்பில் செம்பு நிறம் ஏறினால் துத்தம் தூக்கல், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு விடு. நிறம் ஏறாவிட்டால் சரி. அன்றைக்கே தெளித்துத் தீர்த்துவிடு.

இந்தக் கலவை பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சையைப் போகிறவர் வருகிறவர் பறிக்காமல் இருக்க, விஷம் மாதிரி தெரியட்டும் என்று துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருக்கிறார்கள். அந்த வரிசைக்கு மட்டும் நோய் வரவில்லை. மில்லார்டே என்ற பேராசிரியர் அதைக் கவனித்து, ஆராய்ந்து, 1885-ல் எழுதினார். திருடனுக்கு வைத்தது, நோய்க்கு மருந்தாயிற்று.

ஆயக்குடிக் கொய்யாப் பதியன் ஒன்று கொண்டு வந்து தரச் சொல்லியிருந்தாய். தருகிறேன், ஆனால் அவசரப்படாதே. சில இடங்களில் நூற்புழு பிடித்த கன்றுகளை விற்றுவிடுகிறார்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருக்கும், மேலே பார்க்கத் தெரியாது. ஒரு முறை மண்ணில் சேர்ந்தால் உன் பெரிய மரத்துக்கும் போகும். பையைப் பிரித்து வேரைக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காத ஆளிடம்தான் வாங்குவேன்.

இப்போது அந்த மூன்றாவது படம். வலது ஓரத்துக் கிளையில், மாவுப்பூச்சிக் கும்பலுக்கு நடுவில் இரண்டு மூன்று மட்டும் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்க இருக்கிறது பார்த்தாயா? "தாய்ப்பூச்சி போல, அதை முதலில் நசுக்குகிறேன்" என்றாய். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பல்விளக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் தேடித் தேடி நசுக்கினேன். அது மாவுப்பூச்சியே இல்லை, அம்மிணி. மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்து சாப்பிடும். தொட்டுப் பார், மற்றவை லேசில் அசையாது, இது விறுவிறுவென்று ஓடும். வளர்ந்தால் அரை அரிசி அளவில், கருப்பு முதுகும் செம்மஞ்சள் தலையுமாக வண்டாகும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-லேயே நம் நாட்டுக்குக் கொண்டு வந்தது. யாரும் காசு கொடுக்காமல் உன் வீட்டைத் தேடி வந்திருக்கிறது.

அதனால் தண்ணீர் அடிப்பது, வேப்பெண்ணெய், கஞ்சி எல்லாம் மற்றக் கிளைகளுக்கு. அந்த ஒன்றை விட்டுவிடு. சித்திரை பிறந்ததும் நானும் அம்மாவும் வருகிறோம், கண்ணாடியோடு. அதுவரை மாப்பிள்ளை மறந்துபோய் ஹோஸைத் திருப்பிவிடாமல் இருக்க, அந்தக் கிளையில் உன் பழைய சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டி வை.

இப்படிக்கு,
அப்பா