சாடி திரும்பிய ஊர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களவுபோய் மீண்ட கலைப்பொருட்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில், பண்டைய கிரேக்க ஓவியர் யூஃப்ரோனியோஸ் ஓவியம் தீட்டிய மதுச்சாடியை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் கிரேக்க நாட்டிடம் ஒப்படைத்ததாக அச்சாகியிருந்தது. அது திரும்பிச் சென்றது இத்தாலிக்கு. சிறு பிழைதானே என்று இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

மதுவில் தண்ணீர் கலப்பதற்கான இந்த அகன்ற வாய்ச் சாடியை, கி.மு. 515 வாக்கில் ஏதென்ஸில் யூக்சிதியோஸ் என்ற குயவர் வனைந்தார். இருவர் பெயரும் சாடியிலேயே எழுதப்பட்டுள்ளன. உயரம் 45.7 செ.மீ.தான், ஆனால் அதில் ட்ராய்ப் போர்க்களத்தின் பெருந்துயரம் ஒன்று அடங்கியிருக்கிறது. கிரேக்கரின் தலைமைக் கடவுள் சீயஸின் மகன் சர்பெடோன் மாண்டு கிடக்க, சொந்த நாடான லிசியாவில் அவனை அடக்கம் செய்வதற்காக உறக்கமும் மரணமும் சிறகுடைய வீரர்களாக வந்து உடலைத் தூக்குகின்றனர்; கடவுளரின் தூதர் ஹெர்மெஸ் நடுவில் நின்று பார்க்கிறார். காயங்களிலிருந்து குருதி தாரையாக வழிகிறது. உருவங்களைச் சூழ்ந்த பளபளக்கும் கருமை சாயம் அன்று. தெளியவைத்த களிமண் குழம்பைப் பூசி, சூளையில் காற்றை அடைத்தும் திறந்தும் சுட்டதால் வந்த நிறம் அது.

இத்தகைய ஏதென்ஸ் சாடிகளை இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கர் விரும்பி வாங்கி, இறந்தவர்களுடன் கல்லறையில் வைத்தனர். இந்தச் சாடியும் செர்வெட்டெரி ஊரை அடுத்த ஒரு கல்லறையில் இருந்ததுதான். 1971-இல் திருடர்கள் அதைத் தோண்டியெடுத்தனர். மறு ஆண்டே, லெபனான் வணிகர் ஒருவரிடம் நெடுங்காலம் இருந்த பொருள் என்று சொல்லி, 10 லட்சம் டாலருக்கு அது மெட்ரோபாலிடனுக்கு விற்கப்பட்டது. 2006-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி 2008 ஜனவரியில் இத்தாலிக்குத் திரும்பியது.

திருடர்கள் கைவைத்த கல்லறை அப்படியே கிடைத்திருந்தால், சாவைத் தீட்டிய இந்தச் சாடியைத் தம் வீட்டுச் சாவுக்கு எடுத்து வைத்த எட்ரஸ்கக் குடும்பத்தைப் பற்றி, அருகில் இருந்த எலும்பும் பிற பாண்டங்களும் நமக்குச் சொல்லியிருக்கும். அந்தச் செய்தியை எந்த ஒப்பந்தத்தாலும் மீட்க முடியவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. கட்டுரை இதைத் தொடவே இல்லை.

ஆகவே, திருத்தம் வெளியிடும்போது இத்தாலி என்பதோடு நிறுத்தாமல், செர்வெட்டெரி என்ற பெயரையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சாடி இன்று அவ்வூர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.