குரலை வெட்டாதே, கயல்

கயல் கண்ணுக்கு,

நீ அனுப்பிய கச்சேரி மிக்ஸை மூன்று தடவை கேட்டேன். வயலின் அழகாக உட்கார்ந்திருக்கிறது. பாட்டுதான் தம்புராவுக்குள் புதைந்த மாதிரி இருக்கிறது. ஒலியை அதிர்வெண் வாரியாகப் படமாகக் காட்டும் அனலைசரில் 200க்கும் 300 ஹெர்ட்ஸுக்கும் நடுவே மேடு தெரிந்ததால் குரலில் அந்த இடத்தை வெட்டியதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

அந்தப் பெண் பாடுவது ஐந்து கட்டை சுருதியில். அவளுடைய சட்ஜமமே, அதாவது ஸ, 196 ஹெர்ட்ஸ். ரி, க எல்லாம் அந்த மேட்டின் மேல்தான் நடக்கின்றன. அங்கே வெட்டினால் குரலின் உடம்பு போய்விடும், மூக்கால் பாடுவது போலக் கேட்கும். அனலைசர் எல்லாவற்றையும் கூட்டித்தான் காட்டும். மேடு யாருடையது என்று சொல்லாது. ஒவ்வொரு டிராக்காக மியூட் செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். நான் செய்து பார்த்தேன். தம்புராவை நிறுத்தியதும் மேடு பாதி இறங்கிவிட்டது. குரலில் நீ வெட்டியதை எடுத்துவிட்டு, தம்புராவில் அந்த இடத்தில் அகலமாக 3 டெசிபல் குறைத்தேன். சாகித்யம் தெளிவாக வெளியே வந்துவிட்டது.

அப்புறம், கீழ்ப்பகுதியைப் பார்க்கும்போது எஃப்எஃப்டி அளவை, அதாவது அனலைசர் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் மாதிரிகளின் எண்ணிக்கையை, 16384க்கு மாற்றிக்கொள். நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்தது என்பதால், 4096 வைத்தால் சுமார் 11 ஹெர்ட்ஸ் ஒரே கட்டத்தில் கலந்துவிடும். பெரிய அளவில் படம் மெதுவாக நகரும், பரவாயில்லை. அப்படிப் பார்த்தபோது 50, 100, 150இல் ஊசி மாதிரி மூன்று கோடுகள் தெரிந்தன. பாட்டு நின்ற இடத்திலும் அவை அசையவில்லை. அது கரண்ட் ஹம், மின்சாரத்தால் வரும் ரீங்காரம். குறுகலாக அந்த மூன்றை மட்டும் இறக்கு. கீழ்ப்பகுதியை மொத்தமாக வெட்டும் லோ-கட் ஃபில்டரை மேலே ஏற்றி ஒழிக்கப் பார்க்காதே, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் வரும் கும்கி என்ற ஆழ்ந்த நாதமும் சேர்ந்து போய்விடும்.

மிருதங்க டிராக்கைத் தனியாகப் போட்டு, வலப்பக்கமான வலந்தலையில் மீட்டு என்ற நாதமுள்ள அடி விழும் இடத்தில் படத்தைப் பார். முனைகள் ஏறக்குறைய சம இடைவெளியில் நிற்கும். வெறும் தோலை இழுத்துக் கட்டிய வாத்தியத்தில் அப்படி வராது. இது வலந்தலையின் நடுவில் இருக்கும் கருப்புக் கரணை செய்கிற வேலை. சி.வி. ராமன் 1920இலேயே 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். இத்தனை வருஷம் காதால் மட்டும் அறிந்ததைத் திரையில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இப்போது எனக்குக் காது சரியாக எட்டுவதில்லை. போன மாசம் ஒரு நாகஸ்வரப் பதிவில் பளிச்சென்று இல்லையே என்று ஏற்றிக்கொண்டே போனேன். கோடு 12,000 பக்கம் தூக்கி நின்றதைப் பார்த்துத்தான் கையை எடுத்தேன். எனக்கு அந்தப் படம் ஊன்றுகோல். உனக்கு நல்ல காது இருக்கிறது. முதலில் கேள், சந்தேகம் வந்தால் திரையைப் பார்.

திருத்தி அனுப்பு. சரணத்தில் அவள் 'ஸ' சொல்லும் இடங்கள் சீறுகின்றனவா என்று எனக்குத் தெரியவில்லை. நீ கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா