கண் அளந்த பிள்ளையின் படம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் பத்திரிகையில் இலவசக் கண் சத்திரசிகிச்சை பற்றி ஒரு செய்தி வந்தது. குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை, நடுவில் டொக்டர். படத்தில் பதினொரு பேர். எண்ணிப் பார்த்தேன்; இப்போது எண்ணத் தெரிகிறது. ஆனால் நோயாளியின் கண்ணை அளந்தவரோ மருந்து விட்டவரோ அதில் ஒருவர்கூட இல்லை.

நான் முத்தையன்கட்டில் தையல் வேலை செய்கிறவள். வயது 63. இடது கண் 2009இல் சண்டையில் செல் பீஸ் (குண்டுச் சிதறல்) பட்டுப் போய்விட்டது. மிஞ்சிய வலது கண்ணிலும் வெள்ளை படர்ந்து, ஊசியில் நூல் கோர்க்கப் பேத்தியைக் கூப்பிட வேண்டிய நிலை. கடைசியில் ஒரு பெடியனின் நீலக் காற்சட்டையைக் கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்துவிட்டேன். அவன் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கம்.

கற்றரக்ட், ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்றார்கள். இருக்கிற ஒரே கண்ணைக் கத்திக்குக் கொடுப்பது லேசான காரியமா? வற்றாப்பளை அம்மனுக்குக் கண்மலர் நேர்ந்துவிட்டுத்தான் மாங்குளத்தில் பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஒப்பரேசன் செய்த டொக்டர் கெட்டிக்காரர், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அவர் என் கண்ணோடு இருந்தது அரை மணித்தியாலம்கூட இல்லை. மற்ற நேரமெல்லாம் நான் வேறு ஆட்களின் கையில்தான் இருந்தேன்.

முதலில் கண்ணை அளந்த பிள்ளை. மரத்துப்போகிற மருந்தை விட்டு, பென்சில் மாதிரி ஒரு கருவியைக் கருமணியில் மெல்லத் தொட்டு அளவு எடுத்தார். ஒரு தடவை இல்லை, எட்டுப் பத்துத் தடவை. “கொஞ்சம் அமத்தினாலும் அளவு குறைச்சுக் காட்டும் அம்மா, அசையாதேங்கோ.” கண்ணின் நீளம் சாதாரணமாக 23, 24 மில்லிமீற்றர்தானாம். அதில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் உள்ளே வைக்கிற லென்சின் பவர் இரண்டரை, மூன்று பிழைத்துவிடும் என்றார். சாறிச் சட்டைக்கு அளவு எடுக்கிறவளுக்கு இது நன்றாக விளங்கியது. நாங்களாவது உள்ளே துணி விட்டுத் தைக்கலாம், இறுகினால் பிரித்து இளக்கலாம். கண்ணுக்குள் வைத்ததை எப்படி இளக்குவது?

என்ன தொழில் என்று என்னிடம் கேட்டதும் அவர்தான். லென்ஸ் தூரத்துக்கு வைத்தால் ஊசி கோர்க்கக் கண்ணாடி வேண்டும், கிட்டத்துக்கு வைத்தால் றோட்டில் கண்ணாடி வேண்டும், யோசித்துச் சொல்லுங்கோ என்றார். யானை வருகிற பாதையால் விடியப்புறம் நடக்கிறவள் நான். தூரத்தையே கேட்டேன். அதைக் கிளினிக் கொப்பியில் எழுதி டொக்டரிடம் காட்டினார்.

டொக்டர் சிங்களம் பேசுகிறவர். “கண்ணுக்குள்ள பூச்சி பறக்கிற மாதிரிக் கிடக்கு” என்று நான் சொன்னதை அவருக்கு விளங்கப்படுத்தியது நேர்ஸ். அதற்குப் பிறகுதான் இன்னொரு தரம் மருந்து விடச் சொல்லி, கண்ணின் பின்பக்கத்தையும் வடிவாகப் பார்த்தார்.

ஒப்பரேசன் அன்று காலை, பெயர் என்ன, எந்தக் கண் என்று நான்கு பேர் கேட்டார்கள். நெற்றியில் பேனையால் குறியும் போட்டாயிற்று. நான்காவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இருக்கிறதே ஒண்டு பிள்ளை, பிறகென்ன எந்தக் கண்ணெண்டு?” நேர்ஸ் சிரித்தார். “தெரியும் அம்மா. எண்டாலும் உங்கட வாயால சொல்லுங்கோ.” சொல்ல வைத்துத்தான் உள்ளே விட்டார்.

உள்ளே, முகத்தை மூடிய துணிக்குக் கீழே ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருமல் வந்தால் கையை அமத்துங்கோ, தலையை மட்டும் அசைக்காதேங்கோ என்றார். முகம் தெரியாது, கை சொரசொரப்பு. பிறகு விசாரித்தால் அவர் சிற்றூழியர். விடிய வந்து தரை கழுவுகிறவரும் அவர்தானாம். ஆயுதங்களை நீராவியில் அவித்தெடுக்கிறவர் வேறொருவர். அவரை நான் காணவே இல்லை.

வீட்டுக்கு விடும்போது இரண்டு சொட்டு மருந்து தந்தார்கள். ஒன்றை விட்டு ஐந்து நிமிடம் கழித்துத்தான் மற்றது. இரண்டு போத்தலுக்கும் வெள்ளை மூடி. என் பையில் நூல் கிடந்ததைக் கண்ட நேர்ஸ், அதை வாங்கி ஒன்றுக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் சுற்றிவிட்டார். அப்புறம் ஒருநாளும் மாறவில்லை.

சரி, என் குறைக்கு வருகிறேன். ஆறு கிழமை கழித்துக் கண்ணாடிக்குப் போன அன்று கண் அளக்கிற பிள்ளை இல்லை. இடமாற்றமாம். பதிலுக்கு ஆள் வரவில்லை. ஒப்பரேசனுக்கு அளவு எடுக்க வந்திருந்த கிழடு கட்டைகள் எல்லாரையும் வேறு திகதி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். துணுக்காய்ப் பக்கமிருந்து வந்த ஓர் ஐயா, விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டவர், திகதி போட்ட துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கிலேயே இருந்துவிட்டார். டொக்டர் இருக்கிறார். லென்ஸ் இருக்கிறது. அளக்க ஆளில்லை.

இடமாற்றம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கும் வீடு வாசல் இருக்கும். பதில் ஆள் வந்து வேலையை ஏற்ற பிறகு விடுவித்தால் என்ன? டொக்டர் மாறிப்போனால் மட்டும் ஊரே மகஜர் எழுதுகிறது, நீங்களும் போடுகிறீர்கள். இவர்கள் போனால் ஒரு வரி செய்திகூட இல்லை.

அடுத்த முறை படம் எடுக்க வருகிறவர் மேடையோடு நிற்காமல் கண் பார்க்கிற அந்த இருட்டறைக்கும் போகட்டும். வாசல் சீலை கிழிந்து வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருந்தது. போன கிழமை கறுப்புத் துணியில் புதிது தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நூலை நானேதான் கோர்த்தேன்.

இப்படிக்கு,
தையற்காரி ஒருத்தி,
முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான்.