வியாபாரிகள் நலச் சங்கம்: 2025-ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும், கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மழைநீர் ஓடை இந்த ஆண்டும் தூர்வாரப்பட்டது. ஆடிக் காற்றில் சாய்ந்த பெயர்ப்பலகைகளைச் சங்கச் செலவில் நிமிர்த்தினோம். கிழக்கு முனைத் தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. நாம் எழுதிய கடிதங்களின் நகல் கோப்பில் இருக்கிறது. விரும்புவோர் படிக்கலாம், வெளிச்சம் இருக்கும்போதே படித்துவிடுவது நல்லது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை இந்த ஆண்டும் வாசிக்கவில்லை. அவர்களுக்கே தெரியும்.

இனி நம் பூக்கடை அண்ணாச்சி. ஐப்பசி மழை நேரத்தில் அவர் காலமானார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து உறுப்பினர். பொதுக்குழுவில் ஒருநாளும் எழுந்து பேசியதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, காபி வந்ததும் கிளம்பிவிடுவார். விடியுமுன் தோவாளைப் பூச்சந்தையில் நிற்க வேண்டும், அதுதான் காரணம்.

தோவாளைக்கு அவரோடு போய் வந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். ஓசூர் ரோஜாவும் திண்டுக்கல், மதுரைப் பக்கத்து மல்லிகையும் நம் வட்டாரத்துப் பிச்சியும் அரளியும் ஓலைப்பெட்டியிலும் சாக்கிலும் வந்து இறங்கும். அண்ணாச்சி மேலே தெரியும் பூவைப் பார்க்கவே மாட்டார். கையை அடிவரை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். மேலே மொட்டும் அடியில் மலர்ந்ததும் இருந்தால் அடுத்த ஆளிடம் போய்விடுவார். எடை கூடத் தண்ணீர் தெளித்த பூவை விரலால் தொட்டே கண்டுபிடிப்பார். பிச்சி மொட்டாக வந்து, கடையில் இருக்கும்போது மூடியே இருந்து, வாங்கியவர் தலையில் சாயங்காலம் விரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. நேற்றைய பூவை இன்றைய பூவோடு கலந்து கட்டியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பூ விலை எப்படி ஏறும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறையும், பிச்சி கிலோ ஆயிரத்தைத் தாண்டும். ஓணத்துக்கு முன்னால் அத்தப்பூக் கோலத்துக்காகக் கேரள வியாபாரிகள் வந்து கேந்தியையும் வாடாமல்லியையும் அள்ளிக்கொண்டு போவார்கள். இந்த ஆண்டு திருவோணம் செப்டம்பர் 5 அன்று வந்தது. ஆவணி முகூர்த்தங்களும் அதை ஒட்டியே வந்தன. கல்யாண மாலைக்கு முன்பே ஒரு விலை சொல்லியிருந்தால், அன்று சந்தையில் என்ன விலை விற்றாலும் சொன்ன விலைதான். இதில் அவருக்கு நஷ்டம் வந்தது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் மறுநாள் என்னிடம்தான் கைமாற்று கேட்பார்.

துஷ்டி வீடு, அதாவது சாவு வீடு என்றால் அவர் விலையே சொல்ல மாட்டார். செய்தி வந்ததும் மாலை போய்விடும். யாராவது பணத்தை எடுத்தால், பதினாறு கழியட்டும் என்பார். பதினாறு கழிந்து கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் உண்டு, மறந்தவர்களும் உண்டு. அவருடைய பாக்கி நோட்டை மருமகள் செயற்குழுவிடம் காட்டினார். கல்யாண வீடு, கோவில் கொடை, ஆயுத பூஜை எல்லாம் தேதியோடு இருக்கிறது. துஷ்டி வீட்டுக் கணக்கு ஒன்றுகூட இல்லை. வசூலிக்க நினைக்காததை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டிருப்பார் போல.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மரங்கள் விழுந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம் அது. அண்ணாச்சியும் அவர் மனைவியும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாலை கட்டினார்கள். அதன்பிறகு கடற்கரை ஊர்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடலுக்குப் போனவர்களில் பலருடைய உடலே கிடைக்காததால், படத்துக்குப் போடும் சின்ன மாலைதான் கேட்டார்கள். அந்த டிசம்பரைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. நாமும் கேட்டதில்லை.

2020 மார்ச் ஊரடங்கில் அவருக்கு வேறு மாதிரி அடி விழுந்தது. கோவில் இல்லை, கல்யாணம் இல்லை, சந்தை இல்லை. விவசாயிகள் பூவைப் பறிக்காமல் செடியிலேயே விட்டார்கள். நம்மில் பலர் அப்போது கதவைப் பாதி திறந்து எதையாவது விற்றோம். பூவுக்கு அந்த வழியும் கிடையாது.

அவர் கைவேலையைப் பற்றியும் பதிவு செய்ய வேண்டும். தோவாளை மாணிக்க மாலை கட்டத் தெரிந்தவர் நம் தெருவில் அவர் ஒருவர்தான். சிவப்பு, வெள்ளை அரளியை மடக்கி, நொச்சி இலையோடு சம்பா நாரில் கோத்து, பாய் முடைவதுபோலத் தட்டையாகக் கொண்டுவருவார். திருவிதாங்கூர்க் காலத்திலிருந்து பத்மநாபசுவாமி கோவிலுக்குப் போகும் மாலை அது. 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகையை நான்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன். முழுக்கப் படித்தார். “சரி, கட்டுகூலி கூடுமா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, சங்கத்திடமும் இல்லை.

கடை மூடப்படவில்லை. மருமகள் நடத்துகிறார். அண்ணாச்சிக்குக் கை நீளம், அதனால் அவர் முழமும் நீளம்; தையல் கடைப் பெண்கள் இதற்காகவே வேறு கடைக்குப் போக மாட்டார்கள். தன் கையால் அளந்தால் குறைந்துவிடும் என்று, மாமனார் முழத்துக்குப் பலகையில் இரண்டு ஆணி அடித்து அதில்தான் மருமகள் இப்போது அளக்கிறார். நஷ்டக் கணக்குதான், ஆனால் அவர் கேட்கிற ஆள் இல்லை.

அண்ணாச்சி படத்தைச் சங்கக் கட்டடத்தில் மாட்டலாம் என்று சில உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். மருமகள் வேறொன்று கேட்டார். மாணிக்க மாலை கட்டக் கற்றுக்கொள்ள நம் தெருப் பெண்கள் சிலர் ஆர்வமாக இருக்கிறார்கள்; சனிக்கிழமை மத்தியானம் சங்கக் கூடத்தைத் திறந்துவிட முடியுமா என்று. செயற்குழு சம்மதித்துவிட்டது. வாடகை இல்லை, கரண்ட் செலவு சங்கத்துடையது, கூடத்தைக் கூட்டிப் பெருக்குவது கற்க வருபவர்கள் பொறுப்பு. அப்புறம், சங்க மேடைக்கு இனி பிளாஸ்டிக் மாலையோ துணி மாலையோ வாங்குவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். செலவு கூடும் என்று பொருளாளர் ஆட்சேபித்தார், அது நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது.

இந்த இரண்டு தீர்மானங்களுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம். எண்ணி முடித்ததும் பொருளாளர் வரவு செலவு வாசிப்பார். காபி அதற்குப் பிறகுதான்.