ஹெல்பர் பையனுக்கும் ஒரு கண்ணாடி

திருச்சியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சக முதலாளிகளுக்கு,

வணக்கம். அரியமங்கலம் பக்கம் நாலு பேரை வைத்து கிரில், கேட், ஷெட் வேலை செய்கிறேன். அதற்கு முன்னால் 11 வருஷம் ஹெல்பராகவும் வெல்டராகவும் கிடந்தவன். கீழே வருகிற குற்றங்களில் பாதி நானும் செய்ததுதான்.

வெல்டர் கையில் முகத்தை மறைக்கிற ஷீல்டு இருக்கும். கேட்டின் மறுமுனையைப் பிடித்து மூலைமட்டம் பார்க்கிற பையனிடம் ஒன்றும் இருக்காது. "கண்ண மூடிக்கடா" என்று சொல்லிவிட்டு டேக் (துண்டுகள் நகராமல் பிடிக்கிற சின்னப் பொட்டு வெல்டு) அடிப்போம். அவன் முகத்தைத் திருப்புவான். மட்டம் விலகியதா என்று பார்க்கத் திரும்புவதற்குள் அடுத்த டேக் விழும். ஒரு கேட்டுக்கு இப்படி எத்தனை டேக், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்போது ஒன்றும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில்தான் கண்ணில் வெல்டிங் அடித்திருப்பது தெரியும். மணலைக் கொட்டித் தேய்த்த மாதிரி இருக்கும். எனக்கு 19 வயதில் அப்படி ஆனபோது, அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் விட்டார். இரண்டாம் நாள் சரியாயிற்று. பாலால்தான் என்று இன்றும் நம்புகிறார். உண்மையில் புற ஊதாக் கதிர் சுட்ட கருவிழியின் மேல்தோல் ஒன்றிரண்டு நாளில் தானே வளர்ந்துவிடும். பாலை விட்டால் கிருமி சேர்வதுதான் மிச்சம். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மரத்துப்போகும் சொட்டு மருந்து அதைவிட மோசம்: வலி தெரியாது, புண்ணும் ஆறாது.

அடுத்தது புகை. ஜி.ஐ. பைப்பில் (துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அந்தப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும். அன்று மாலையே குளிர் காய்ச்சல், உடம்பு வலி, நாக்கில் இரும்புச் சுவை. மறுநாள் விட்டுவிடும் என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. வாழைப்பழம், வெல்லம், ஒரு டம்ளர் பால் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது. பழம் போவது வயிற்றுக்கு, புகை போனது நுரையீரலுக்கு! எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலையில் குரோமியமும் நிக்கலும் சேர்ந்து வரும். வருஷக்கணக்கில் மாங்கனீசு ஏறினால் நரம்பைப் பிடித்து, கைநடுக்கம் வரைக்கும் கொண்டுபோகும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-இல் வெல்டிங் புகையையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. சிகரெட் இருக்கிற அதே பிரிவு.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து கேட்கட்டும் என்றால், அவர் வரமாட்டார். 1948 தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்கிற இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. 2020-இல் வந்த சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. நாம் நாலு பேர், ஆறு பேர். பெல் (BHEL) நிறுவனம் 1975-லேயே வெல்டிங்குக்கென்று ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய ஊர் இது. அதே ஊரில் நம் பையன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஹெல்பருக்கும் சரியான ஷேடு (கருமை அளவு) கண்ணாடி போட்ட ஷீல்டு ஒன்று. கூலிங் கிளாஸ் ஆகாது. பற்ற வைக்கிற இடத்தில் மட்டும் ஜி.ஐ. பூச்சை முதலில் தேய்த்து எடுங்கள். தேய்க்கிறவன் கண்ணுக்கும் மூக்குக்கும் மறைப்பு வேண்டும். கைக்குட்டை புகையைத் தடுக்காது, கொரோனாவில் பழகிய என்95 ஓரளவு தடுக்கும். மழை என்றாலும் ஷட்டரை இறக்கிவிட்டு வேலை பார்க்க வேண்டாம். அப்புறம், வியர்வையில் நனைந்த கையுறையோடு வெல்டிங் ராடு மாற்றச் சொல்லாதீர்கள், ஷாக் அடிக்கும்.

என் பட்டறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இன்னும் மாட்டவில்லை. ஷட்டரை முழுசாகத் தூக்கி ஒரு பெடஸ்டல் ஃபேனை வைத்து ஒப்பேற்றுகிறேன். நாலைந்து பட்டறை சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்கிறார் கடைக்காரர். ஷீல்டும் மாஸ்க்கும் கூடச் சேர்த்து எடுக்கலாம். விருப்பமுள்ளவர்கள் சொல்லி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை போய்வருவோம்.

இப்படிக்கு,
அரியமங்கலத்துப் பட்டறைக்காரன்